பம்பிங் எவ்வளவு?

எக்கோ எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடக்கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் ஓடுகிற கறுப்பு வெள்ளை அசைவு அவர்களுக்குப் புரியாது. என் புருவம் சுருங்குகிறதா, ஒரே இடத்தில் ப்ரோபை ரொம்ப நேரம் வைத்திருக்கிறேனா, எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிடுகிறேனா என்பதெல்லாம் நன்றாகப் புரியும். எக்கோ டெக்னீஷியனாக நான் வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர். முடிவைச் சொல்லும் பொறுப்பும் அவருடையது. அதனால் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன். நெஞ்சில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொள்ளத் துணியை நீட்டும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பம்பிங் எவ்வளவு இருக்கு?"

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்ட ஒருவர் இதைக் கேட்டால், பதில் பல நேரம் நல்லதாகவே வரும். 60. 62. 65. வீட்டுக்குப் போய் "ஹார்ட்ல ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும். என் அண்ணனும் அப்படித்தான் சொன்னான்.

அண்ணன் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். தென்காசி, செங்கோட்டைப் பக்கம்தான் அவனுக்கு அதிகம் டூட்டி. பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடுதான்: வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது, வண்டி நிற்கிற கடையில் கிடைத்ததைச் சாப்பிடுவது, நைட் டூட்டி முடிந்து வந்து பகலில் தூக்கம் வராமல் புரள்வது. நாற்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வந்தது. சில வருடம் கழித்துப் பிரஷர். ஓய்வு பெறப்போகிற சமயத்தில் காலில் வீக்கம் கண்டது. ரத்தப் பரிசோதனையில் "உப்பு கூடியிருக்கு" என்றார்கள். வயது 58. கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிதிறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 24 என்று வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் அது 60க்குக் கீழே இருந்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரில் ஆல்புமின், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 1,400 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. 30க்குள் இருக்க வேண்டியது அது.

சொந்தக்காரர்களுக்கு எக்கோ எடுப்பதில்லை என்று வேலைக்கு வந்த புதிதிலேயே வைராக்கியமாக இருந்தேன். அண்ணன் கேட்கவில்லை. "யாரோ ஒருத்தர் கைக்கு நான் ஏன் நெஞ்சக் குடுக்கணும்? நீயே எடு பாப்பா" என்றான். எடுத்தேன். இடது கீழறை நிரம்பியதும், அதில் உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் பம்பிங் என்கிறோம். ஆண்களுக்கு 52 முதல் 72 வரை இயல்பு. அண்ணனுக்கு 62. அதைக் கேட்டதும் மதினி நெல்லையப்பர் கோயில் திசை பார்த்துக் கும்பிட்டார்.

அதே திரையில் நான் பார்த்த மற்ற எண்களை டாக்டர்தான் மறுநாள் சொன்னார். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் 13 மி.மீ. தடித்திருந்தது. ஆண்களுக்கு 10 மி.மீ. வரைதான் இயல்பு. இடது மேலறை பெருத்திருந்தது. தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரெய்ன் அளவு 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், அவனுக்கு 14. என்னை நடுங்க வைத்தது இந்தக் கடைசி எண். பம்பிங் நன்றாக இருக்கும்போதே தசையின் உள்ளடுக்கு களைத்துவிட்டது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

தடித்த சுவர் கொண்ட அறை கொஞ்சம் ரத்தத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கொஞ்சத்தில் பெரும்பங்கைத் தள்ளிவிடும். சதவீதத்தில் பார்த்தால் குறை தெரியாது. கோளாறு இருப்பது வாங்கிக்கொள்கிற வேலையில். விறைத்த தசை தளர்ந்து விரிய மறுக்கிறது. பின்னால் மேலறையில் அழுத்தம் ஏறி, அதற்கும் பின்னால் நுரையீரலில் நீர் கோக்கிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறவர்கள், விடியற்காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்காருகிறவர்கள், மாடிப்படி நடுவில் நின்று யாரிடமோ பேசுவதாகக் காட்டி மூச்சு வாங்குகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பலருக்குப் பம்பிங் 60க்கு மேல்தான்.

சிறுநீரகம் கெட்டால் இதயம் தடிக்கும் என்பதை மருத்துவம் ரொம்ப காலத்துக்கு முன்பே கண்டுவிட்டது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் பார்ப்பார். வெள்ளையாகத் திரிந்தால் ஆல்புமின் ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது பலருக்கு இடது கீழறை பெருத்துத் தடித்திருந்ததை 1836ல் எழுதி வைத்தார். கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கும் கருவியே அதற்கு அறுபது வருடம் கழித்துத்தான் வந்தது. ரத்த அழுத்தம், உடலில் தங்கும் உப்பும் நீரும், சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபாய்ட்டின் குறைந்து வருகிற ரத்தசோகை, வெளியேறாமல் தேங்கும் பாஸ்பேட், அதைச் சமாளிக்க எலும்பு அளவுக்கு மீறிச் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோன் என்று காரணங்கள் இன்று விரிவாகத் தெரிகின்றன. சிறுநீரக நோயாளிகளில் நிறையப் பேர் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே இதயத்தால் இறக்கிறார்கள் என்பதும் தெரியும். கலிபோர்னியாவின் வடபகுதியில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியான ஆய்வு, வடிதிறன் 60க்குக் கீழே படிப்படியாக இறங்க இறங்க மரணமும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவையும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. அப்படியும் நம் ஊரில் கிட்னி ஃபைல் ஒரு பையிலும் ஹார்ட் ஃபைல் இன்னொரு பையிலும்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எடுத்து வாருங்கள் என்று நான் கெஞ்சுவேன்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தக் கருவியின் பிறப்பு எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்துக்குள் விரிசல் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவியை 1953ல் மனித நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். கத்தி படாமல், கதிர்வீச்சு இல்லாமல், துடிக்கிற இதயத்தின் சுவர் அசைவதைக் கண்டார்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு இதைவிடச் சாதுவான பரிசோதனை கிடையாது. ஊசி இல்லை, ரத்தக் குழாயில் செலுத்தும் டை இல்லை.

ஆனால் அளப்பது மனிதக் கை. இடது கீழறைத் தசையின் எடையைக் கணக்கிட, நடுச்சுவர், அறையின் விட்டம், பின்சுவர் மூன்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மும்மடியாக்குகிற சூத்திரம் ஒன்று உண்டு. சுவர்கள் இரண்டும் 12 மி.மீ., அறை 48 மி.மீ. என்றால் தசை சுமார் 219 கிராம். சுவர்களை நான் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைத்து 11 என்று குறித்துவிட்டால் சுமார் 194 கிராம். நடுத்தர உடல்வாகுள்ள ஆணின் உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்து வகுத்தால் முதல் கணக்கு 129, இரண்டாவது 114. ஆண்களுக்கு 115ஐத் தாண்டினால் இதயத் தசை தடித்துவிட்டது என்று ரிப்போர்ட் வரும். ஒரு மில்லிமீட்டரில் ஒருவர் நோயாளி ஆகிறார் அல்லது நோயாளி இல்லை என்று ஆகிறார். உடலில் நீர் சேர்ந்து அறை 48க்குப் பதில் 52 மி.மீ. விரிந்திருந்த நாளில் அதே 12 மி.மீ. சுவரை அளந்தால் எடை 249 கிராம் என்று வரும். தசை ஒரு கிராம்கூட வளர்ந்திருக்காது. ஏறியதெல்லாம் நீரின் கணக்கு. இதனால்தான் போன வருட ரிப்போர்ட்டையும் இந்த வருட ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, 13 மி.மீ. 12 ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் நான் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். 12 மி.மீ. 13 ஆகிவிட்டது என்று அழுகிறவர்களிடமும் அதையேதான் சொல்வேன்.

இவ்வளவும் தெரிந்த நான், அண்ணனுக்கு எக்கோ எடுத்த அன்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். வயது, ஆணா பெண்ணா, வடிதிறன், சிறுநீர் ஆல்புமின் என்ற நான்கை மட்டும் போட்டால், சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பு இரண்டு வருடத்தில் எவ்வளவு, ஐந்து வருடத்தில் எவ்வளவு என்று சொல்லும் சமன்பாடு ஒன்று உண்டு. கனடாவில் நவ்தீப் டாங்ரியும் அவருடன் இருந்தவர்களும் 2011ல் வெளியிட்டது. பிறகு பல நாடுகளின் நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டது. அண்ணனின் நான்கு எண்களையும் போட்டேன். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு அறுபதுக்கும் சற்று மேல் என்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறுபதைச் சுமந்துகொண்டு பல மாதம் திரிந்தேன். அவன் வீட்டுக்குப் போனால் குரலைத் தாழ்த்திப் பேசினேன். பேரன் காது குத்துக்கு அவன் கடன் வாங்கலாமா என்று கேட்டபோது, அந்தக் கடனை யார் அடைப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உயிரோடு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற அண்ணனைப் பற்றி அப்படி நினைத்தேன் என்பதை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அவன் கண்டுபிடித்துவிட்டான். "நீ என்னைப் பாக்குற பார்வை சரியில்ல. என்ன இருக்குன்னு சொல்லு" என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டான். சொன்னேன். நூறு பேரில் அறுபது பேருக்கு ஐந்து வருடத்துக்குள் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் என்று கணக்கு சொல்கிறது என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "திருநெல்வேலியில அம்பது பேர ஏத்திட்டுக் கிளம்புனா, ஆலங்குளத்துல பத்துப் பேர் எறங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் அந்தக் கணக்கு தப்புனதே இல்ல. ஆனா எந்தப் பத்துப் பேருன்னு கேட்டா ஒருநாளும் சொன்னதில்ல. டிக்கெட்டப் பாத்தாதான் தெரியும். என் டிக்கெட்ட நீ பாத்தியா?"

நிகழ்தகவைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தப் பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை. பிறகுதான் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பொறுமையாகப் படித்தேன். இதய நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் பழக்கமே 1948ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பதிவு செய்து தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று நாம் இன்று ஒப்பிக்கிற பட்டியலுக்கு அந்த ஊர் மக்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதில் சிறுநீரகத்துக்கு இடம் இல்லை. சிறுநீரகம் கெட்டவர்களிடம் அந்தக் கணக்கைப் போட்டால் தவறுகிறது என்பதைப் பிற்பாடு கண்டார்கள். 2023ல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட ப்ரிவென்ட் என்ற புதிய சமன்பாடுகளில் வடிதிறன் அடிப்படையாகவே சேர்ந்துவிட்டது. சிறுநீர் ஆல்புமினையும் விரும்பினால் சேர்க்கலாம். மாரடைப்பு, பக்கவாதத்தோடு இதயச் செயலிழப்பையும் அது கணிக்கிறது. 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு செய்தது. அத்தனை பேரும் அமெரிக்காவில் வாழ்பவர்கள். தென்காசி ரூட்டில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த ஒருவனுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல நம் ஊரிலேயே இத்தனை பேரை இத்தனை வருடம் பின்தொடர்ந்தாக வேண்டும். யார் யாரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்துவதில் ஒரு கணக்கு கெட்டிக்காரத்தனமாக இருந்தும், நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் அளவில் தவறலாம். மருத்துவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது அந்த ஆல்புமின் பரிசோதனை. ஒரு சின்ன டப்பா சிறுநீர், சில நூறு ரூபாய். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை செய்துகொள்ள வேண்டியது. எந்தப் பெரிய கருவியும் நெஞ்சில் எதையும் காட்டுவதற்குப் பல வருடம் முன்பே அது இதயத்துக்கும் சேர்த்து எச்சரிக்கை கொடுக்கும். அண்ணனுக்குச் சர்க்கரை வந்து ஏறக்குறைய இருபது வருடம், ஒருவரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் மாதாமாதம் பார்த்தார்கள். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2021ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. அந்தப் பெண்கள் எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் வருடம் ஒருமுறை அந்த டப்பாவையும் நிரப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டால், என் எக்கோ அறைக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி வராமலே இருக்கும்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரெய்ன் குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்கு ஆஞ்சியோ என்று ஆரம்பித்தார்கள். என் மருமகன், அண்ணனின் மகன், பணத்தைக்கூடப் புரட்டிவிட்டான். "எடுத்துப் பாத்துருவோம் அத்தை. அடைப்பு இருந்தா ஸ்டென்ட் வச்சிருவோம். மனசு நிம்மதியா இருக்கும்." நானும் உள்ளுக்குள் அதையேதான் விரும்பினேன். இதயத்தைப் பார்ப்பதே தொழிலாக உள்ளவளுக்குப் பார்க்காமல் விடுவது பெரிய பாடு.

கிட்னி டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டார். "அடைப்பு இருக்குன்னே வச்சுக்குவோம். அதுக்கு அப்புறம் இப்பக் குடுக்கிற மருந்துல என்ன மாத்தப் போறோம்?" பிறகு 2020ல் வெளியான இஸ்கீமியா-சி.கே.டி. ஆய்வைப் பற்றி விளக்கினார். வடிதிறன் 30க்குக் கீழே இருந்த அல்லது டயாலிசிஸில் இருந்த 777 பேர்; ஸ்ட்ரெஸ் டெஸ்டில் இதயத்துக்கு ரத்த ஓட்டம் நன்றாகவே குறைந்திருந்தது தெரிந்தவர்கள்; ஆனால் நிலையாக இருந்தவர்கள். பாதிப்பேருக்கு ஆஞ்சியோவும் தேவைப்பட்டால் ஸ்டென்ட்டோ பைபாஸோ. மீதிப்பேருக்கு மருந்து மட்டும். மரணமோ மாரடைப்போ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்று வருடத்தில் இரு பக்கத்திலும் நூற்றுக்கு முப்பத்தாறை ஒட்டி. ஆஞ்சியோ பக்கம் பக்கவாதம்தான் அதிகம். நெஞ்சுவலி வந்து துடிக்கிறவருக்கு இது பொருந்தாது, அவரை உடனே கொண்டுபோக வேண்டும் என்பதையும் இரண்டு முறை சொன்னார். அண்ணனுக்கு நெஞ்சுவலி கிடையாது. டை செலுத்தினால் மிச்சமிருக்கிற சிறுநீரகத்துக்கும் சோதனை. வேண்டாம் என்று முடிவானது. மருமகனுக்கு அன்று சமாதானமே ஆகவில்லை. எனக்கும் வீடு வருகிற வரை ஆகவில்லை.

அதற்குப் பதிலாகச் செய்ததெல்லாம் சத்தமில்லாத வேலைகள். பிரஷரை வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதியது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டை மதினி வீட்டுக்குள் வாங்காமல் நிறுத்தியது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை ஒன்று. வடிதிறன் 20 வரை இறங்கியவர்களையும் சேர்த்து 6,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த எம்பா-கிட்னி ஆய்வில் சிறுநீரகச் சேதமும் இதய மரணமும் சேர்ந்த கணக்கைக் குறைத்த மருந்து அது. கொழுப்பு மாத்திரையையும் டாக்டர் அப்போதே தொடங்கினார். டயாலிசிஸ் வந்த பிறகு அதைப் புதிதாகத் தொடங்கினால் பலன் தெரியவில்லை என்று ஜெர்மனியில் ஓர் ஆய்வும் பல நாடுகளில் நடந்த இன்னோர் ஆய்வும் சொல்லியிருக்கின்றன. முன்கூட்டியே தொடங்குவதில்தான் பயன். நூற்றுக்கு அறுபது என்று சொன்ன அந்தக் கணக்குக்கும் ஒரு பயன் இருந்தது. டயாலிசிஸ் வரலாம் என்று தெரிந்ததால், அவசரத்தில் கழுத்தில் குழாய் போடாமல், பல மாதம் முன்னதாகவே இடது முன்கையில், டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா செய்து பழுக்க விட முடிந்தது.

நான்காம் வருடம் டயாலிசிஸ் வந்தது. திங்கள், புதன், வெள்ளி. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அதன் பிறகு அவனுக்கு எக்கோ எடுப்பது வேறு வேலையாகிவிட்டது. இடப்பக்கம் படுக்க வைக்கும்போது ஃபிஸ்டுலா கை உடம்புக்கு அடியில் நசுங்கக் கூடாது. அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக் கூடாது. திங்கட்கிழமை காலை, டயாலிசிஸுக்கு முன்பு எடுத்தால் அறைகள் விரிந்து, வால்வில் கசிவு கூடி, இதயம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்தால் களைத்த இதயத்தைப் பார்ப்போம். செவ்வாய் அல்லது வியாழன், உபரி நீர் இல்லாத உலர் எடையை ஒட்டி இருக்கும்போது எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அன்றைய எடையையும் கடைசி டயாலிசிஸ் நடந்த நாளையும் நான் எழுதிவிடுவேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதுவேன். இது இல்லாத டயாலிசிஸ் நோயாளியின் எக்கோ ரிப்போர்ட் அரை ரிப்போர்ட் என்பது என் உறுதியான எண்ணம்.

ப்ரோபை நெஞ்சின் பக்கவாட்டில் வைத்து நுரையீரலையும் பார்ப்பேன். நீர் கோத்திருந்தால் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் விழும். ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காதபோதே தெரியும். இந்தக் கோடுகள் அதிகம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது நிச்சயம். அப்படியானால் கோடுகளைப் பார்த்து நீரை எடுத்தால் ஆபத்து குறைய வேண்டும் அல்லவா? ஐரோப்பாவில் அதையே செய்து பார்த்த ஆய்வில், மரணமும் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் சேர்ந்த முக்கியக் கணக்கில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆபத்தைக் காட்டுகிற ஒவ்வொன்றும் ஆபத்தைக் குறைக்கும் வழியாகிவிடாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. மற்றப் பரிசோதனைகளுக்கும் எல்லைகள் உண்டு. இதயத் தழும்பை எம்.ஆர்.ஐ. அழகாகக் காட்டும், ஆனால் அதற்குச் செலுத்தும் காடோலினியத்தின் பழைய வகைகள் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் கொடிய நோயைக் கொடுத்தது 2006ல் தெரியவந்தது. இப்போதுள்ள வகைகள் எவ்வளவோ பாதுகாப்பானவை. அப்படியும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். சி.டி.யில் பார்க்கும் கால்சியம் மதிப்பெண்ணும் டயாலிசிஸ்காரர்களிடம் எளிதில் பொருள்படாது. ரத்தக் குழாயின் உட்சுவரில் மட்டுமல்லாமல் நடு அடுக்கிலும் அவர்களுக்குச் சுண்ணாம்பு படிகிறது.

எனக்கு இன்று அதிகம் பயம் தருவது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் முழுதாக இடைவெளி. அமெரிக்காவில் 32,065 டயாலிசிஸ் நோயாளிகளைக் கவனித்து 2011ல் வெளியான ஆய்வு, அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் மரணங்களும் இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்வதும் மற்ற நாட்களைவிட அதிகம் என்று காட்டியது. அண்ணனுக்கு எந்தச் சமன்பாட்டையும் இப்போது நான் போட்டுப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்து எடை எவ்வளவு, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இளநீர், வாழைப்பழம் ஏதாவது உள்ளே போனதா என்று கேட்கிறேன். பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பு கொடுக்காது. எடை கூடியிருந்தால் முதலில் மதினியிடம் திட்டு வாங்குவான், பிறகு என்னிடம்.

மதினி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொன்னது போன வருடம். ரத்த வகை பொருந்தியது. இதயத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று மாற்றுச் சிகிச்சைக் குழு சொன்னதும் ஆஞ்சியோ பேச்சு மறுபடி வந்தது. இந்த முறை கிட்னி டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல மணி நேர அறுவை சிகிச்சையை இதயம் தாங்குமா, மனைவி கொடுக்கிற உறுப்பை நம்பி வைக்கலாமா என்று முடிவெடுக்க அந்தப் படம் தேவைப்பட்டது. சிறுநீர் வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டதால் டை கெடுப்பதற்கும் அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. முன்பு வேண்டாம் என்று விட்ட அதே பரிசோதனைக்கு இப்போது ஒரு வேலை இருந்தது. அண்ணன் அமைதியாகப் போய்ப் படுத்தான். முன்பக்க முக்கியக் குழாயில் ஏறக்குறைய பாதி அடைப்பு. ஸ்டென்ட் தேவையில்லை, மாத்திரை தொடரட்டும், அறுவை சிகிச்சைக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

போன வியாழக்கிழமை நான் எடுத்த எக்கோவில் சுவர் 13 மி.மீ., ஸ்ட்ரெய்ன் 15, பம்பிங் 60. மூன்றையும் அவனிடமே சொன்னேன். மூன்றையும் எடை நோட்டில் அவனே எழுதிக்கொண்டான். மதினிக்குச் சிறுநீரக ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. இன்னும் பாக்கி இருக்கிறது. அது வந்ததும் இரண்டு பேர் ஃபைலையும் சேர்த்து மருத்துவமனைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். மருமகன் அதற்கென்று பெரிய பை ஒன்று வாங்கி, கிட்னி ரிப்போர்ட்டையும் ஹார்ட் ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒன்றாக அடுக்கியிருக்கிறான்.